லாவாக் குகையில் விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள்: ஏப் குகையைப் பார்ப்பது எப்படி

ஏப் குகைக்குப் போய் வந்தவர்களிடம் உள்ளே என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் "இருட்டு" என்பார்கள், மீதிப் பேர் "குளிர்" என்பார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் வந்தேன். செல்போன் விளக்கை நம்பி இறங்கி, கால் எங்கே வைக்கிறோம் என்று தரையையே பார்த்துக்கொண்டு நடந்து, குளிரில் போன் சார்ஜ் மளமளவென்று இறங்க, முன்னால் போன ஒரு குடும்பத்தின் வெளிச்சத்தில் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்த கதை அது. நாலு தடவை போன பிறகுதான் எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் பிடிபட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். போர்ட்லாண்டிலிருந்து ஒன்றரை மணி நேரம், சியாட்டிலிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப் போய் இருட்டை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள்.

இடம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மவுண்ட் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் தெற்குச் சரிவில் இருக்கிறது. லாவா, அதாவது எரிமலைக் குழம்பு, ஓடி உண்டான ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே குழாய். 1980 மே 18 அன்று அந்த மலை வெடித்ததே, அந்த வெடிப்பு வடக்குப் பக்கமாகப் போனதால்தான் தெற்கே இருந்த குகை தப்பித்தது. ஏப் என்றால் ஆங்கிலத்தில் வாலில்லாக் குரங்கு, ஆனால் இங்கே குரங்கு எதுவும் கிடையாது. 1951 வாக்கில் லாரன்ஸ் ஜான்சன் என்ற மரம்வெட்டி கண்ணில் பட்டது, பிறகு 'செயின்ட் ஹெலன்ஸ் ஏப்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்ட உள்ளூர்க் குழு ஒன்றின் ஆதரவில் இருந்த சாரணர் படை உள்ளே இறங்கிச் சுற்றிப் பார்த்தது, அந்தக் குழுவின் பெயரே குகைக்கும் ஒட்டிக்கொண்டது. குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பார்க்கிங்கில் இறங்கியதும் குரங்கு எங்கே என்பார்கள்.

கிளம்பும் முன்

ஆளுக்கு இரண்டு விளக்கு. குடும்பத்துக்கு இரண்டு இல்லை, ஆளுக்கு இரண்டு. ஒன்று தலையில் மாட்டுவது, இன்னொன்று கையில் பிடிக்கும் டார்ச். போன் விளக்கு கணக்கில் சேராது. குகைக்குள் வருடம் முழுக்க 5, 6 டிகிரி செல்சியஸ்தான். வெளியே ஆகஸ்ட் வெயிலில் டி-ஷர்ட்டோடு நிற்கும்போது ஸ்வெட்டர் எதற்கு என்று தோன்றும். படி இறங்கி முடிக்கும்போது பதில் கிடைத்துவிடும். கூரை சொட்டும், அதனால் மேலே மழைக்கோட்டு மாதிரி ஒன்று இருந்தால் நல்லது. மூடிய ஷூ, கையுறை, மேல் குகைக்குப் போவதாக இருந்தால் தலைக்கவசம். நாய் கூடாது, குகைக்குள் சாப்பாடு கூடாது, புகை கூடாது. கோடைப் பருவத்தில் வண்டிக்கு நேரம் குறித்து ஆன்லைனில் முன்பதிவு செய்ய வேண்டும், அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், போன் சிக்னலும் கிடைக்காது. ஐ-5 சாலையில் உட்லண்ட் ஊரில் பிரிந்து 503ஆம் சாலையில் கூகர் வழியாகப் போக வேண்டும்.

ஷூ விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. வேறு ஏதாவது குகைக்குப் போட்டுப் போன ஷூ, துணி, பை எதையும் இங்கே கொண்டுவராதீர்கள். காரணத்தை வௌவால் வரும்போது சொல்கிறேன்.

பாகு பதம் தெரிந்தால் பாதி புவியியல் தெரியும்

போன வருடம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனோம். சேலை, மேலே என்னுடைய பெரிய ஜாக்கெட், காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. லாவா எப்படி ஓடும் என்று நான் பெரிய வாத்தியார் மாதிரி விளக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பாகு மாதிரிதானேடா, எளம்பதமா இருந்தா ஓடும், உருண்டைப் பதம் வந்துட்டா நகராது" என்றாள். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

உண்மையிலேயே அவ்வளவுதான். பாறைக் குழம்பில் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) கூடக் கூட அது கெட்டியாகும். செயின்ட் ஹெலன்ஸ் பொதுவாகக் கக்குவது டேசைட், ஆண்டிசைட் என்ற கெட்டிப் பதம். டேசைட்டில் 60 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா, வாயு உள்ளே மாட்டிக்கொண்டு அழுத்தம் ஏறி 1980இல் வெடித்த மாதிரி வெடிக்கும். ஆனால் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் ஒரு தடவை இந்த மலை வழக்கத்துக்கு மாறாக இளம்பதத்தில் பசால்ட் குழம்பை விட்டது. சிலிக்கா 50 சதவீதம் அளவுதான், சூடு 1100 டிகிரிக்கு மேல். அது வெடிக்காமல் சரிவில் வழிந்து ஓடியது. அந்த ஓட்டத்தில் உண்டானதுதான் இந்தக் குகை. மலையின் மற்றப் பக்கங்களில் இந்த மாதிரி நீளக் குழாய் ஏன் இல்லை என்பதற்கும் அதுதான் பதில்.

வழிந்து ஓடும் குழம்பின் மேற்பரப்பு காற்று பட்டு ஆறும், பால் மேல் ஆடை படிகிற மாதிரி. ஆடை தடித்துக் கூரையாகிவிட்டால் உள்ளே ஓடுகிற குழம்புக்குப் போர்வை போர்த்திய மாதிரி ஆகிவிடும். வெளிக்காற்று படாததால் சூடு மிகக் கொஞ்சமாகத்தான் குறையும், அதனால் கிலோமீட்டர் கணக்கில் திரவமாகவே ஓடும். பிறகு மேலே ஊற்று நின்றதும் குழாயில் மிச்சமிருந்தது பள்ளத்தை நோக்கி வடிந்துவிட, காலிக் குழாய் மட்டும் நின்றுவிடும். சுண்ணாம்புக் குகை ஒன்று உருவாகத் தண்ணீர் ஆயிரக்கணக்கான வருடம் பாறையைக் கரைக்க வேண்டும். இங்கே அந்தக் கதையே கிடையாது. இந்தக் குகை அதைச் சூழ்ந்திருக்கும் பாறையோடு சேர்ந்தே பிறந்தது. அப்புறம் நடப்பதெல்லாம் இடிவதும் நிரம்புவதும்தான்.

கீழ்க் குகை: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

முக்கிய வாசலில் படி இறங்கியதும் இரண்டு பக்கம் வழி போகும். சரிவில் கீழ்நோக்கிப் போவது கீழ்க் குகை, ஒரு வழிக்குச் சுமார் 1.2 கிலோமீட்டர். மேல்நோக்கிப் போவது மேல் குகை, சுமார் 2.4 கிலோமீட்டர், கரடுமுரடு. முதல் தடவை போகிறவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் எல்லாரும் கீழ்க் குகைக்குப் போங்கள். மேல் குகைதான் "உண்மையான அனுபவம்" என்று நண்பர்கள் உசுப்பேற்றுவார்கள், கேட்காதீர்கள். பாறையைப் படிக்கக் கீழ்க் குகைதான் நல்ல இடம், தரை கிட்டத்தட்ட சமமாக இருப்பதால் கண்ணைத் தரையிலிருந்து எடுக்க முடியும்.

சரி, இப்போது இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். தலைவிளக்கு நடக்க உதவும், பார்க்க உதவாது. வெளிச்சம் உங்கள் கண் பக்கத்திலிருந்தே புறப்படுவதால் நிழல் எல்லாம் மேடுகளுக்குப் பின்னால் ஒளிந்துவிடும், சுவர் தட்டையாக, சாம்பல் நிறத்தில், ஒன்றுமே இல்லாத மாதிரி தெரியும். சுவரில் ஏதாவது இருக்கிற மாதிரி தோன்றினால் நின்று, தலைவிளக்கை அணைத்துவிட்டு, கை டார்ச்சை இடுப்பு உயரத்தில் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சுவரோடு ஒட்டினாற்போல வெளிச்சம் ஓடும்படி சாய்த்துப் பிடியுங்கள். சுவரைத் தொடாமல். சாயங்கால வெயிலில் வயல் வரப்பெல்லாம் எடுப்பாகத் தெரியுமே, அதே மாதிரி ஒவ்வொரு வரியும் நிழலோடு எழுந்து வரும். முதல் தடவை இதைச் செய்தபோது, அதே சுவரை மூன்று தடவை கடந்து போயிருக்கிறேன் என்று நம்பவே முடியவில்லை.

முதலில் தெரிவது படுக்கை வாட்டில் ஓடும் கோடுகள். ஏரி வற்ற வற்றக் கரையில் தண்ணீர்க் கோடு விழுவது போல, குழம்பின் மட்டம் ஒவ்வொரு உயரத்தில் நின்று நின்று இறங்கியதன் தடம் அது. மட்டம் ஒரே இடத்தில் ரொம்ப நாள் நின்றிருந்தால் ஓரத்தில் குழம்பு உறைந்து திண்ணை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். சில இடத்தில் கோட்டுக்குப் பக்கத்தில் கீறல்கள் இருக்கும். பாதி இறுகிய சுவரை மிதந்து போன கட்டிகள் உரசிய கீறல் அது. கீறல் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று குழந்தைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இது பந்தயம். விடை எப்போதும் ஒன்றுதான், நீங்கள் நடக்கிற பக்கம், கீழ்நோக்கி.

அடுத்தது கூரை. சுண்ணாம்புக் குகையில் தொங்குகிற மாதிரி நீள நீள விழுதுகள் இங்கே இருக்காது. குட்டைக் குட்டையாக, சுறாப்பல் மாதிரி இருக்கும். குழாய் காலியாகும்போது உள்ளே நின்ற அனலில் கூரையின் தோல் திரும்ப உருகி, சொட்ட ஆரம்பித்து, சொட்டி முடிக்கும் முன்பே உறைந்துபோனவை. அந்தத் தோல் சில இடத்தில் மெருகிட்ட பானை மாதிரி பளபளக்கும். செங்கல் நிறத்தில் திட்டு தெரிந்தால் அது இரும்பு, சூட்டோடு காற்றுப் பட்டுத் துருப்பிடித்த நிறம்.

போகிற வழியில் குழாய் குறுகுகிற இடத்தில் தலைக்கு மேலே ஒரு பெரிய உருண்டைப் பாறை இரண்டு சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும். மீட்பால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோலா உருண்டை என்றால் நமக்குச் சரியாக இருக்கும். குழம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கூரையிலிருந்து விழுந்த கட்டி அது, ஓட்டத்தில் மிதந்து வந்து இந்த இடுக்கில் சிக்கியது. எல்லாரும் அடியில் நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள், கட்டி மிதந்து வந்து சிக்கியது என்றால் அந்த நேரத்தில் குழம்பின் மட்டம் அந்த உயரத்தில் இருந்திருக்க வேண்டும். நீங்கள் நிற்கிற இடம் அப்போது நெருப்பு ஆற்றின் அடிப்பகுதி.

இன்னும் போனால் காலடியில் மணல் கூடிக்கொண்டே போவதும் கூரை இறங்கிக்கொண்டே வருவதும் தெரியும். கூரை இறங்கவில்லை, தரைதான் ஏறுகிறது. எரிமலைச் சேற்று வெள்ளம் ஒன்று பின்னாளில் குகைக்குள் புகுந்து மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. கடைசியில் தவழ்ந்து போகிற அளவுக்கு இடுக்காகிவிடும், அங்கே திரும்பிவிடலாம்.

திரும்பும் முன் ஒரு வேலை. எல்லாரும் தரையில் உட்கார்ந்து, எல்லா விளக்கையும் அணையுங்கள். போன், ஒளிரும் கைக்கடிகாரம், குழந்தைகளின் மின்னும் ஷூ உட்பட. இரண்டு நிமிஷம் போதும். கண் பழகிவிடும் என்று காத்திருப்பீர்கள், பழகாது, பழகுவதற்குக் கொஞ்சமாவது வெளிச்சம் வேண்டும். கையை முகத்துக்கு நேரே ஆட்டினால் தெரிகிற மாதிரி இருக்கும், அது மூளை செய்கிற ஏமாற்று வேலை. அடுத்துச் சொல்லப்போகிற உயிர்கள் வாழ்வது இந்த இருட்டில்தான்.

உயிர்களைப் பார்ப்பது, தொடாமல்

வெயில் இல்லாத இடத்தில் செடி வளராது, செடி இல்லாத இடத்தில் சாப்பாடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். கூரை வெடிப்பில் கசியும் தண்ணீர் கொண்டுவரும் மக்கிய கழிவு, காற்றில் வந்து விழும் பூச்சி, வௌவால் எச்சம், வாசலில் சேரும் இலைதழை. அதனால் வாசலில் இருந்தே பார்க்க ஆரம்பியுங்கள். படியைச் சுற்றிப் பாசியும் பெரணியும் பச்சையாக இருக்கும், நாலு எட்டு உள்ளே வைத்தால் பெரணி நின்றுவிடும், பாசி இன்னும் கொஞ்ச தூரம் கூட வரும், அப்புறம் அதுவும் நின்றுவிடும். வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று அளந்து கோடு போட்ட மாதிரி இருக்கும். அரையிருட்டில் நீளக் கால் அறுவடைச் சிலந்திகள் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் பயமாக இருக்கும், ஒன்றும் செய்யாது.

முழு இருட்டுக்குள் வந்ததும் ஈரச் சுவரில் வெள்ளையாகவோ மஞ்சள் கலந்தோ படலம் படலமாக ஏதோ பூத்திருப்பது தெரியும். டார்ச்சைச் சாய்த்தால் அதன் மேல் நீர்த்துளிகள் முத்து முத்தாக நின்று வெள்ளி மாதிரி, சில சமயம் தங்கம் மாதிரி மின்னும். தாதுப் பொருள் என்று நினைத்து விரலால் தேய்க்கத் தோன்றும். தேய்க்காதீர்கள். அது பாக்டீரியாக் கூட்டம், குகைக்காரர்கள் 'குகைக் கோழை' என்கிற அர்த்தத்தில் கொஞ்சம் அசிங்கமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். குகைப் பூச்சிகளுக்கு இதுதான் மேய்ச்சல் நிலம். ஒரு விரல் இழுப்பில் ஒரு கோடு காலியாகிவிடும், திரும்ப வளர வருடக்கணக்காகும். ஆள் நடமாட்டமுள்ள உயரத்தில் சுவர் வெறும் கருப்பாகவும் கை எட்டாத உயரத்தில் படலம் செழிப்பாகவும் இருக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள், தேய்த்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு முழம் தள்ளி நின்று பாருங்கள், அதுவே போதும்.

இங்கே இன்னொருவர் இருக்கிறார், நான் இதுவரை பார்த்ததில்லை. கிரில்லோபிளாட்டா. பெயரே பாதி சிள்வண்டு, பாதி கரப்பான். இறக்கை கிடையாது, தேன் நிறம், விரல் கணு நீளம், நீண்ட உணர்கொம்பு. இந்தப் பூச்சி வகையை உலகம் அறிந்ததே 1914இல்தான், கனடாவின் பான்ஃப் பகுதி மலையில் கிடைத்தது. குளிர்தான் இதற்கு உயிர், உறைநிலைக்குப் பக்கத்தில் சுறுசுறுப்பாக அலையும், உள்ளங்கையில் எடுத்து வைத்தால் நம் உடல் சூடே அதைக் கொன்றுவிடும். செயின்ட் ஹெலன்ஸ் பகுதிக்கே உரிய இனம் ஒன்று உண்டு, கிரில்லோபிளாட்டா சிருர்ஜிகா, 1961இல் பெயர் சூட்டப்பட்டது, இந்த லாவாக் குகைகளில் வாழ்கிறது. பார்க்க ஆசை இருந்தால் கூட்டம் இல்லாத நாளில், ஓரத்துக் கற்களின் ஈரமான பக்கத்தில், வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு தேடுங்கள். கல்லைப் புரட்டாதீர்கள். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை.

இனி வௌவால். ஆள் கூட்டம் அதிகமான குகை என்பதால் கொத்துக் கொத்தாகத் தொங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். பட்டால் வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பேச்சைக் குறைத்துக்கொண்டு கடந்து போங்கள். குளிர்காலத்தில் அவை உடலில் சேர்த்த கொழுப்பைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்துத் தூங்குகின்றன, ஒவ்வொரு தடவை விழிப்புத் தட்டும்போதும் அந்தக் கையிருப்பு கரைகிறது, பூச்சி கிடைக்கும் வசந்தம் வரை தாங்காது. இதே வேலையைத்தான் வெள்ளை மூக்கு நோயும் செய்கிறது. குளிரில் வளரும் பூஞ்சை மூக்கிலும் இறக்கையிலும் படர்ந்து தூக்கத்தைக் கலைத்துக் கலைத்துக் கொல்கிறது. 2006இல் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் முதலில் தெரியவந்தது, லட்சக்கணக்கில் வௌவால்கள் செத்தன, 2016இல் வாஷிங்டன் மாநிலத்துக்கு வந்துவிட்டது. மனிதர்களுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் அதன் வித்துகள் நம் ஷூ இடுக்கிலும் துணியிலும் உட்கார்ந்து பயணம் செய்யும். முன்பே சொன்ன ஷூ விஷயம் இதுதான். வெளியே வந்ததும் ஷூவின் மண்ணைத் தேய்த்துத் தட்டிவிட்டு, தனிப் பையில் போட்டுக் கட்டி, வீட்டில் கழுவுங்கள்.

லாவாக் குகை உயிர்களில் உச்சம் ஹவாயில்தான். அங்கே 60 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள கசுமுரா குகையில், மேலே காட்டில் நிற்கும் ஓஹியா மரங்களின் வேர்கள் கூரையைத் துளைத்துத் திரைச்சீலை மாதிரி தொங்கும். வேரின் சாற்றைக் குடித்து வாழும் கண்ணில்லாத தத்துப்பூச்சி ஒன்று, வேரை அதிரவைத்தே துணையைக் கூப்பிடும். 1971இல் பிரான்சிஸ் ஹோவர்த் என்ற பூச்சியியலாளர் ஹவாய்க் குகைகளில் இந்த மாதிரி உயிர்களைக் கண்டுபிடிக்கும் வரை, இவ்வளவு இளம் எரிமலைத் தீவில் குகைக்கென்றே மாறிய பூச்சி இருக்க வாய்ப்பில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். போகிற வாய்ப்பு வந்தால் வேரைப் பிடித்து ஆட்டாதீர்கள், அது அவர்களுடைய தொலைபேசிக் கம்பி.

மேல் குகை, தெம்பு இருந்தால்

இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். கூரையிலிருந்து இடிந்து விழுந்த பாறைக் குவியல்கள் 27 என்கிறார்கள், நான் எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். குழம்பு வடிந்த பின் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாத கூரை, ஆறிச் சுருங்கி வெடித்து விழுந்ததால் வந்த குவியல்கள் இவை. இரண்டு கை, இரண்டு கால், நாலில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கட்டும். பசால்ட்டின் விளிம்பு தேங்காய்த் துருவி மாதிரி, கையுறை இல்லாமல் போனால் தெரியும். நடுவில் சுமார் 2.4 மீட்டர் உயரத்துக்கு உறைந்த லாவா அருவி ஒன்று குறுக்கே நிற்கும், ஒருவர் கீழிருந்து தூக்கிவிட, ஏறியவர் மேலிருந்து கை கொடுக்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள். கடைசிப் பக்கம் கூரையில் பெரிய ஓட்டை வழியாக வானம் தெரியும், வெளியேறும் வழி அதுதான் என்று நினைத்து ஏற முயலாதீர்கள், இன்னும் கொஞ்சம் தள்ளி இரும்பு ஏணி இருக்கிறது. வெளியே வந்து காட்டுப்பாதையில் 2 கிலோமீட்டர் இறங்கினால் வண்டி நிற்கும் இடம்.

களைப்பில் அப்படியே கிளம்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே இரண்டு காடுகளின் பாதை என்று பலகை நடைபாதை ஒன்று இருக்கிறது, அரை மணி நேரம் போதும். அதே லாவா காட்டுக்குள் புகுந்தபோது மரங்களைச் சுற்றி உறைந்தது, மரம் எரிந்தும் மக்கியும் போக, மரத்தின் வடிவில் பாறையில் கிணறு கிணறாக ஓட்டை மிஞ்சியது. விழுந்து கிடந்த மரங்களின் ஓட்டை ஒன்று சுமார் 17 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கமாக இருக்கிறது, தவழ்ந்து போகலாம். பாதியில் நின்று டார்ச்சைச் சாய்த்தால் எரிந்த மரத்தின் தடம் பாறையில் பதிந்திருப்பது தெரியும். முழங்காலுக்குத் தடிப்பாக ஏதாவது கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழைய ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போங்கள், நான் புதிதைப் போட்டுக்கொண்டு போய் இரண்டு முழங்காலையும் கிழித்துக்கொண்டு வந்தேன்.